ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு எண்ணெய் மாற்றுதல்: எது, எப்போது, எப்படி?

கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆக்சிலரேட்டரில் கால் இலேசாகத்தான் இருக்கிறது. திடீரென்று, வேகத்தைக் குறைப்பதற்காகச் சாலையில் வரிவரியாகப் போட்டிருக்கும் தடித்த கோடுகள்மேல் ஏறியதுபோல் ஒரு நடுக்கம். இரண்டு நொடியில் அடங்கிவிடுகிறது. என் அண்ணனின் கார் இப்படி நடுங்கத் தொடங்கியபோது முதலில் சக்கரங்களைச் சந்தேகித்தோம். பேலன்சிங் செய்தோம், இரண்டு டயர்களை மாற்றினோம், என்ஜின் மவுண்டையும் மாற்றினோம். நடுக்கம் போகவில்லை. பழைய பில்களைப் புரட்டியபோதுதான் எட்டு மாதங்களுக்கு முந்தைய ஒரு வரி கண்ணில் பட்டது: "ஏடிஎஃப் 4 லிட்டர்." ஏடிஎஃப் என்றால் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான எண்ணெய். எந்த ஏடிஎஃப் என்று எழுதவில்லை. போய்க் கேட்டால், "எல்லா ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் இந்தச் சிவப்பு எண்ணெய்தான்" என்றார்கள்.

அந்தக் காருக்கு வேண்டியது வேறு எண்ணெய். சரியானதை வாங்கி, மூன்று வார இடைவெளியில் இருமுறை மாற்றிய பிறகு நடுக்கம் நின்றது. அன்று முதல் இந்த விஷயத்தில் இரண்டு கேள்விகளை நான் விடாப்பிடியாகக் கேட்கிறேன். எந்தத் தரக்குறியீடு, அதாவது கார் நிறுவனம் கேட்கும் எண்ணெய் வகையின் பெயர் என்ன? எந்த வெப்பநிலையில் அளவு பார்த்தீர்கள்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் மற்றதெல்லாம் கைவேலைதான்.

இந்த எண்ணெய் என்ன செய்கிறது

என்ஜின் ஆயிலின் முதன்மை வேலை உராய்வைக் குறைப்பது. ஏடிஎஃப் அப்படியல்ல. என்ஜினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் என்ஜினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கடத்துவது இந்த எண்ணெய்தான். கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியின் நுண்ணிய வழிகளில் அழுத்தத்தோடு ஓடி, எந்த கியர் விழ வேண்டுமோ அதற்குரிய கிளட்ச் தட்டுகளை நெருக்கிப் பிடிப்பதும் இதுதான். பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் மசகாக இருப்பதும், உள்ளே பிறக்கும் வெப்பத்தைக் கூலருக்குக் கொண்டுபோவதும் இதே எண்ணெயின் வேலைகள்.

இவற்றில் மிக நுட்பமானது கிளட்ச் தட்டுகளுக்கிடையே உள்ள உராய்வு. தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். பிடி சட்டென்று விழுந்தால் கார் குதிக்கும். தளர்ந்தால் தட்டு வழுக்கிக் கருகும். இந்தப் பிடியை நிர்ணயிப்பது எண்ணெயில் கலந்திருக்கும் உராய்வு மாற்றிகள். ஒரு காலத்தில் அமெரிக்க ஏடிஎஃப்களில் இதற்காகத் திமிங்கல எண்ணெயைக் கலந்தார்கள். எண்ணெய்த் திமிங்கலத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அமெரிக்கா 1970-இல் பட்டியலிட்ட பிறகு அந்த வழி அடைபட்டது. அதே வேலையைச் செய்யும் செயற்கைச் சேர்மங்களைத் தேட வேண்டியதாயிற்று. ஓர் எண்ணெயின் வேதியியல் எவ்வளவு கவனமாகக் கட்டப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நிறத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. சிவப்பு வெறும் சாயம். கசிவு எங்கிருந்து வருகிறது என்று அடையாளம் காண உதவுவதற்காகச் சேர்ப்பது. நீல நிறத்தில் வரும் ஏடிஎஃப்களும் இருக்கின்றன.

முதலில் உங்கள் பெட்டி எந்த வகை?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லாக் கார்களையும் ஆட்டோமேட்டிக் என்றே அழைக்கிறோம். எண்ணெய் வாங்கும்போது அந்தப் பெயர் போதாது.

2014-இல் மாருதி செலேரியோவுடன் இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏஎம்டி, உண்மையில் சாதாரண மேனுவல் கியர் பெட்டிதான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியரைப் போடுவதையும் ஒரு கருவி செய்கிறது. அதற்கு வேண்டியது மேனுவல் கியர் ஆயில். அந்தக் கருவியின் ஹைட்ராலிக் எண்ணெய் தனி. தனித்தனி கியர்களே இல்லாத சிவிடி பெட்டியில் எஃகுப் பட்டை இரண்டு கப்பிகளுக்கிடையே ஓடுகிறது. எஃகும் எஃகும் வழுக்காமல் பிடித்தாக வேண்டும் என்பதால் அதன் எண்ணெயே வேறு இனம்: ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2, நிசானுக்கு என்எஸ்-3 என்று தனித்தனிப் பெயர்கள். சிவிடியில் சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெட்டியே கெட்டுவிடும். இரட்டைக் கிளட்ச் பெட்டிகளில் ஈரக் கிளட்ச், உலர் கிளட்ச் என்று இரண்டு பிரிவுகள். அவற்றுக்கும் தனி எண்ணெய்கள்.

டார்க் கன்வெர்ட்டர் உள்ள பெட்டிதான் இந்தக் கட்டுரையின் பொருள். செய்முறைக்கு 2016-இல் இந்தியாவுக்கு வந்த இன்னோவா கிரிஸ்டாவின் 6 வேக ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி) இல்லாத இன்றைய பெட்டிகள் பலவற்றுக்கும் இதே முறைதான்.

எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

பிராண்டைத் தேடுவதற்கு முன் தரக்குறியீட்டைத் தேடுங்கள். காரோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில், எரிபொருள் கொள்ளளவு, டயர் காற்றழுத்தம் இவற்றுக்கு அருகில் அது இருக்கும். டொயோட்டாவின் புதிய பெட்டிகளுக்கு டபிள்யூஎஸ். அதற்கு முந்தையவற்றுக்கு டி-4. ஹோண்டாவின் கியர் ஆட்டோமேட்டிக்குகளுக்கு இப்போது டிடபிள்யூ-1. அது பழைய இசட்-1 எண்ணெயின் இடத்துக்கு வந்தது. ஹூண்டாய், கியா 6 வேகப் பெட்டிகளுக்கு எஸ்பி-4. பழைய 4 வேகப் பெட்டிகளுக்கு எஸ்பி-3.

புதிய எண்ணெய் பழைய பெட்டிக்குப் பொருந்துமா என்பதைப் பெயரை வைத்து ஊகிக்க முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஏடிஎஃப் தரக்குறியீடான டெக்ஸ்ரான்-3 உரிமங்களை 2006-உடன் முடித்துவிட்டு, அதன் இடத்தில் டெக்ஸ்ரான்-6 எண்ணெயைப் பயன்படுத்தலாம் என்றது. டொயோட்டாவோ டி-4 கேட்கும் பெட்டியில் டபிள்யூஎஸ் ஊற்றக்கூடாது என்கிறது. ஒரு நிறுவனம் சொன்னதை இன்னொரு நிறுவனத்தின் பெட்டிக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

பாகுநிலையும், அதாவது எண்ணெயின் கெட்டித்தன்மையும், முக்கியம். அதை அளக்கும் அலகு சென்டிஸ்டோக். பழைய டெக்ஸ்ரான்-3 எண்ணெய்கள் 100 டிகிரி வெப்பத்தில் 7 சென்டிஸ்டோக்கை ஒட்டியோ சற்று மேலேயோ இருந்தன. டெக்ஸ்ரான்-6 எண்ணெய்க்கு உச்சவரம்பே 6.4தான். எரிபொருள் சிக்கனத்துக்காக எண்ணெய்கள் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து வந்திருக்கின்றன. புதிய பெட்டிகளின் வால்வுகளும் பம்பும் அந்த மெலிவுக்கு ஏற்பவே வடிவமைக்கப்பட்டவை. "கொஞ்சம் கெட்டியாக இருந்தால் நம் ஊர் வெயிலுக்கு நல்லது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கும் பொது ஏடிஎஃப் பற்றி என் கருத்து: உங்கள் குறியீட்டின் பெயர் டப்பாவின் பின்புறத்தில் வெளிப்படையாக அச்சிடப்பட்டு, எண்ணெயும் பெயர்பெற்ற நிறுவனத்தினுடையதாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் முதல்முறை மாற்றுகிறீர்கள், காரும் நல்ல நிலையில் இருக்கிறது என்றால் கார் நிறுவனத்தின் அசல் எண்ணெயையே வாங்குங்கள். பெட்டியைப் பிரித்துச் சரிசெய்ய ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அந்த விலை வித்தியாசம் ஒன்றுமே இல்லை. போலி டப்பாக்களும் சந்தையில் இருப்பதால் அங்கீகரிக்கப்பட்ட உதிரிபாகக் கடையில் வாங்கி, மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பில்லில் குறியீட்டின் முழுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராமல் இருக்க அந்த ஒரு வரி போதும்.

எப்போது மாற்றுவது?

"ஆயுள் முழுவதற்கும் மாற்ற வேண்டியதில்லை" என்று சில கார் நிறுவனங்கள் சொல்கின்றன. யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். உலகின் பெரிய கியர் பெட்டித் தயாரிப்பாளர்களில் ஒன்றான ஜெர்மனியின் இசட்எஃப், தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள் எண்ணெய் மாற்றப் பரிந்துரைக்கிறது. பெட்டியைச் செய்தவரே மாற்று என்கிறபோது, அந்தப் பெட்டியை வாங்கிக் காரில் பொருத்தியவர் தேவையில்லை என்றால் நான் செய்தவர் பக்கம்தான் நிற்பேன்.

எண்ணெயைக் கெடுப்பது தூரத்தைவிட வெப்பம். சூடு ஏற ஏற அது ஆக்சிஜனோடு சேர்ந்து சிதையும் வேகம் பன்மடங்காகிறது. சென்னையின் மே மாத நெரிசலில் முதல் கியரிலேயே ஊர்வது, எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவது, ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள், டிரெய்லர் இழுப்பது — இவையெல்லாம் கையேடுகள் 'கடுமையான பயன்பாடு' என்று சொல்லும் நிலைக்குள் வருபவை. டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கியபடியே இழுக்கும் நேரம் அப்போது அதிகம். அந்த வழுக்கல் முழுவதும் எண்ணெயில் சூடாகத்தான் சேர்கிறது. கையேடு இதைவிடக் குறைவாகச் சொல்லாதபட்சத்தில், இப்படி ஓடும் காருக்கு 50,000 முதல் 60,000 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் அமைதியாக ஓடும் காருக்கு 80,000 என்பது என் கணக்கு.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சாயம் சீக்கிரமே மங்கிவிடும். மூக்குதான் நல்ல சாட்சி: கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறது. எண்ணெய் இளஞ்சிவப்பு நுரையாக, பால் கலந்ததுபோல் இருந்தால் ரேடியேட்டரில் உள்ள கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது. அந்தக் காரை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள். கூலன்ட் கிளட்ச் தட்டின் பசையைக் கரைத்துவிடும்.

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடி ஒருமுறைகூட மாற்றாத பெட்டியில் இப்போது கை வைக்கலாமா என்று பலர் பயத்தோடு கேட்கிறார்கள். "மாற்றிய மறுவாரமே கியர் வழுக்கியது" என்ற கதைகள் பொய்யல்ல. ஆனால் அவற்றில் பலவற்றில் பெட்டி ஏற்கெனவே வழுக்கத் தொடங்கியிருக்கிறது. எண்ணெய் மாற்றினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் மாற்றியிருக்கிறார்கள். தேய்ந்த தட்டை எந்த எண்ணெயும் வளர்க்காது. கியர்கள் இப்போது ஒழுங்காக விழுகின்றன என்றால், அழுத்தத்தோடு இயந்திரம் வைத்துத் தள்ளும் முறையைத் தவிர்த்து, வடித்து நிரப்பும் எளிய முறையில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

வடித்து நிரப்பும் கணக்கு

டிரெயின் பிளக்கை (வடிக்கும் திருகு மூடி) திறந்தால் பானில், அதாவது பெட்டியின் அடித்தட்டில், உள்ள எண்ணெய்தான் இறங்கும். கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் உள்ளது தங்கிவிடும். மொத்தம் 9 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் 3.6 லிட்டர் இறங்கினால், ஒருமுறை மாற்றும்போது 40 சதவீதம் புதிது. இரண்டாம் முறை 64. மூன்றாம் முறை 78. நடுவில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டினால் பழையதும் புதியதும் நன்றாகக் கலந்துவிடும். நான் இரண்டு முறையோடு நிறுத்திவிடுவேன். தவறான எண்ணெய் உள்ளே இருந்தால் மட்டும் மூன்று.

செய்முறை

உங்களிடம் நல்ல ஜாக்கும் நான்கு ஸ்டாண்டுகளும் இல்லையென்றால் இதை வீட்டில் செய்யாதீர்கள். லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துப் பக்கத்தில் நில்லுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகவே கூடாது.

வேண்டியவை: அசல் எண்ணெய் தேவைக்கு ஒரு லிட்டர் கூடுதலாக, பிளக்குகளுக்குப் புதிய வாஷர்கள், அளவுகோடு போட்ட வாளி, எண்ணெயை மேலேற்றும் கைப்பம்பு, இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரென்ச், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, காரின் கணினியோடு இணைத்தால் கியர் பெட்டியின் வெப்பநிலையைக் காட்டக்கூடிய ஓபிடி ஸ்கேனர். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டுத் தொடங்காதீர்கள்.

1. காரை நான்கு பக்கமும் ஒரே உயரத்தில், தரைக்கு இணையாக நிறுத்துங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கிய காரில் வடிக்கலாம். அளவு பார்க்க முடியாது.

2. முதலில் திறக்க வேண்டியது நிரப்பும் பிளக். கிரிஸ்டாவில் அது பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. எண்ணெயை எல்லாம் வடித்த பிறகு இந்தப் பிளக் துருப்பிடித்துத் திருக வராமல் போனால், காரை நகர்த்தவும் முடியாமல் நிரப்பவும் முடியாமல் நிற்பீர்கள்.

3. பானின் அடியில் இரண்டு பிளக்குகள் இருக்கும். ஒன்று வடிப்பதற்கு, மற்றொன்று அளவு பார்க்க, அதற்கு மேலே உள்ளே ஒரு சிறு குழாய் நிற்கும். வடிக்கும் பிளக்கைத் திறந்து அளவு வாளியில் பிடியுங்கள். ஓடி வந்த சூட்டோடு திறக்காதீர்கள். 80, 90 டிகிரி எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்துவிடும். சொட்டுவது நிற்கும்வரை அரை மணி நேரம் விடுங்கள். எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

4. பானைக் கழற்றுவதா? ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால் கழற்றுவது நல்லது. உள்ளே காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றின்மேல் மாவுபோல் சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது இயல்பு; அது ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தேய்மானம். விரலில் நெருடும் இரும்புச் சீவல்கள் கிடைத்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, ஆட்டோமேட்டிக் பெட்டி தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். காந்தத்தைத் துடைத்து அதே இடத்தில் வையுங்கள், ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள். பஞ்சு, நூல் பிரியும் துணி எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். ஒரு நூலிழை வால்வை அடைக்கப் போதும். பான் போல்ட்டுகளுக்கு வேண்டிய இறுக்கம் மிகக் குறைவு, பல பெட்டிகளில் 10 நியூட்டன் மீட்டருக்கும் கீழே. கைவலிமையைக் காட்டினால் அலுமினியத்தின் மரை கழன்றுவிடும்.

5. புதிய வாஷரோடு டிரெயின் பிளக்கை மூடி, இறங்கிய அளவையும் அதன்மேல் அரை லிட்டரையும் பம்பால் ஏற்றி, நிரப்பும் பிளக்கைக் கையால் திருகி வையுங்கள்.

6. என்ஜினை ஓட விட்டு, பிரேக்கை அழுத்தியபடி, லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்தி, 'பி'யிலிருந்து கடைசிவரை கொண்டுபோய்த் திரும்ப 'பி'க்கு வாருங்கள். எண்ணெய் எல்லா வழிகளிலும் நிறைய வேண்டும்.

அளவு பார்த்தல்

முழு வேலையின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. எண்ணெய் சூடானால் விரியும். ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் கன அளவு ஏறக்குறைய 0.07 சதவீதம் கூடுகிறது. 9 லிட்டர் எண்ணெய் 40 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கும். அதனால்தான் டொயோட்டாவின் இத்தகைய பெட்டிகளில் அளவு பார்க்கும் வெப்பநிலை ஏறத்தாழ 35 முதல் 45 டிகிரி என்ற குறுகிய எல்லைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மாடலுக்கான துல்லியமான எண்ணைப் பழுதுபார்ப்புக் கையேட்டில் பாருங்கள். கொதிக்கும் எண்ணெயில் அளவு பார்த்தால் தேவையானதையும் வழிய விட்டுவிடுவீர்கள். பம்ப் காற்றை உறிஞ்சும், கிளட்ச் வழுக்கும். எண்ணெய் அதிகமானாலும் தொல்லைதான்: சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் தாங்காது.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏப்ரல், மே நண்பகலில் நிழலில் நிற்கும் காரே 38, 40 டிகிரியில் இருக்கும். என்ஜினை ஓட விட்ட சில நிமிடங்களில் எல்லை தாண்டிவிடும். ஆகவே இரவு முழுவதும் நிறுத்திய காரில், விடியற்காலை ஐந்தரை ஆறு மணிக்கு வேலையைத் தொடங்குங்கள். புதிய எண்ணெயையும் வெயிலில் வைக்காதீர்கள். ஏசி அணைந்திருக்கட்டும்.

ஸ்கேனரில் வெப்பநிலை எல்லைக்குள் நுழைந்ததும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அளவு பார்க்கும் பிளக்கைத் திறவுங்கள். எண்ணெய் கம்பியாக ஒழுகினால் கூடுதலாக இருக்கிறது. ஒழுகல் மெலிந்து சொட்டுச் சொட்டாக மாறும்வரை விட்டு மூடுங்கள். எதுவும் வரவில்லை என்றால் குறைவு. வழியும்வரை பம்பால் ஏற்றி, பிறகு மெலியும்வரை காத்திருங்கள். என்ஜினை அணைத்துவிட்டுத் திறந்தால் கன்வெர்ட்டரிலிருந்து எண்ணெய் திரும்பி இறங்கும், அளவு பொய்யாகிவிடும். இதற்கிடையில் வெப்பம் எல்லையைத் தாண்டிவிட்டால் அவசரப்படாமல் அணைத்து, ஆறவிட்டு, மறுபடி தொடங்குங்கள். நான் ஒருமுறை இதற்காக இரண்டு மணி நேரம் காத்திருந்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பில் எனக்கு வருத்தமில்லை.

டிப்ஸ்டிக் உள்ள பழைய கார்களில் வேலை எளிது, ஆனால் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டொயோட்டா, ஹூண்டாய் பெட்டிகளில் சூடான நிலையில் என்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டாவிலோ சூடாக்கி, என்ஜினை அணைத்து, 60 முதல் 90 நொடிக்குள் பார்க்க வேண்டும். ஒன்றின் முறையை மற்றொன்றில் செய்தால் அளவு தவறும்.

மூடிய பிறகு

பிளக்குகளைக் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கி, சுற்றிலும் துடைத்துவிட்டு, இருபது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். முதல் சில நாட்கள் கியர் மாறுவது சற்று வேறாகத் தெரியலாம். பெட்டியின் கணினி புதிய உராய்வுக்குப் பழக வேண்டும். ஒரு வாரத்துக்குப் பிறகும் குலுக்கல் இருந்தால், பழகிய அளவுகளை அழித்துப் புதிதாகக் கற்க வைக்கும் வசதி உங்கள் மாடலில் உண்டா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். இரவில் காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தாலும் வாஷரைப் பாருங்கள்.

இறங்கிய எண்ணெயைப் புதிய டப்பாக்களிலேயே ஊற்றி மூடி, பயன்படுத்திய எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். நம் நாட்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றக்கூடாது. கொடுப்பதற்கு முன் ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் சிறிது எடுத்து, தேதி, கிலோமீட்டர், எண்ணெயின் குறியீடு மூன்றையும் எழுதி ஒட்டி வையுங்கள். இரண்டாவது முறை வடிக்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழையது இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது ஓரளவு கண்ணுக்கே தெரியும்.